மலைக்குத் தென்கிழக்கே ஒரு மொட்டை மாடி

ஜனவரி 20, திங்கள்

புது டைரி. உரக்கடைக்காரர் என் மகன் தங்கராசுக்குக் கொடுத்தது. கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆனதால் இதுவரை ஒரு வரி எழுதவில்லை. பத்தொன்பது நாள் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. அந்த நாட்களில் யார் என்ன பேசினார்கள் என்பது மனசில் இருக்கிறது, ஒன்றும் மோசமில்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாக வரும். ஆனாலும் முப்பது வருஷமாக எழுதுகிறேன். தேதி போட்டு எழுதி வைத்துவிட்டால், ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று பிறகு ஒருத்தரும் நாக்கை மடிக்க முடியாது. நாத்தனார் என் ரசத்தைக் கழுநீர் என்றது தொண்ணூற்றெட்டாம் வருஷ டைரியில் இருக்கிறது. டைரி இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

இப்போது இருப்பது திருச்சியில். மருமகள் மங்கையின் அக்காள் வீடு. அவர்கள் துபாயில் இருப்பதால் பூட்டிக் கிடந்தது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடி. ஊருக்குப் போய்வந்தால் பஸ்ஸில் தூசி படும், இருபத்தேழாம் தேதி காட்டிவிட்டு முசிறிக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கராசு ஊரில் வெள்ளாமையைப் பார்க்கிறான். இங்கே நானும் மங்கையும்.

புது லென்ஸில் தூரம் பளிச்சென்று தெரிகிறது. பக்கத்தில் இருப்பதுதான் தெரியவில்லை, அதற்குக் கண்ணாடி போட வேண்டும். பால்கனியில் நின்றால் எதிரே மலைக்கோட்டை. உச்சிப் பிள்ளையார் கோயில் தூணைக்கூட எண்ணலாம். இந்த ஊருக்கு வருகிறவர்கள் முதல் வேலையாக அதில்தான் ஏறி ஊரைப் பார்க்கிறார்கள். நான் ஏற முடியாது. போன ஆடியில் கொழுந்தனார் தவறினார். பங்காளி சாவு. வருஷம் திரும்பும்வரை மலைக்கோயில் ஏறக் கூடாது. பொங்கல்கூட வைக்கவில்லை. முறை என்றால் முறை.

ஜனவரி 21, செவ்வாய்

முருங்கைக்கீரை. கண்ணுக்கு மருந்து நாலு வேளை. மங்கை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசினாள். கீரை ஆய்வதற்கு எதற்குக் கதவு சாத்த வேண்டும்?

ஜனவரி 22, புதன்

காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு மங்கை போகாமல் நின்றாள்.

“அத்தை, ஒண்ணு சொல்லணும். சத்தம் போடக் கூடாது.”

“சத்தம் போடற விஷயமா இருந்தா போடத்தான் செய்வேன். சொல்லு.”

“உங்க அக்காவுக்கு ரொம்ப முடியலையாம். ஒரு மாசமா படுக்கையிலதானாம். கோமதி சொன்னா.”

கோமதி என்பது என் கூடப் பிறந்தவளுடைய மகள்.

“கோமதி உனக்கு எப்படிச் சொன்னா? கனவுல வந்தா?”

“போன்ல.”

“நம்பர் யார் குடுத்தது?”

மங்கைக்கு அடுப்பில் பால் ஞாபகம் வந்துவிட்டது. பால் எப்போதோ இறக்கியாகிவிட்டது.

எழுதி வைக்கிறேன். எங்கள் அப்பா மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பெண்கள் இரண்டு பேர். மூத்தவளுக்கு அம்பாள் பெயர், மட்டுவார்குழலி. வீட்டில் குழலி. எனக்குச் சாமியின் இன்னொரு பெயரை வைத்துச் செவந்தி. அவளை இதே ஊரில் கொடுத்தார்கள், மலைக்குத் தென்கிழக்கே வெற்றிலைக்காரச் சந்தில். என்னை முசிறியில். நாற்பத்தேழு வருஷமாகப் பேச்சில்லை. ‘உன் மூஞ்சிய என் கண்ணால பாக்க மாட்டேன், உன் தெருவுல என் கால் படாது’ என்று சொன்னவள் நான். தேதி 1977 நவம்பர் 20. அப்போது டைரி கிடையாது. தேவையும் இல்லை.

அவளுக்கு முடியவில்லை என்றால் நான் என்ன செய்ய? எனக்கும்தான் கண்ணில் கத்தி வைத்தார்கள். அவள் வந்தாளா?

குளித்துவிட்டு வந்து மங்கையிடம் கேட்டேன். “இந்த ஊர்ல, ஊர் முழுக்க ஒரே பார்வையில தெரியற எடம் எதெது?”

“எதுக்கு அத்தை?”

“கண்ணு புதுசு. பாக்கக் கூடாதா?”

ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு போனை நோண்டி நாலைந்து இடம் படித்தாள். முதல் இடம் மலைக்கோட்டை. “அது தள்ளு” என்றேன்.

சாயங்காலம் இந்த வீட்டு மொட்டை மாடியிலேயே தொடங்கினேன். தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில் நின்று பார்த்தால் வடக்கே காவிரி, தாண்டி ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். தெற்கே மாதா கோயில் கூம்பு. கிழக்கே மலை. மலைக்கு அந்தண்டை என்ன இருக்கிறது என்பது தெரியாது. மலையென்றால் இவ்வளவு பெரிதாகவா இருக்க வேண்டும்?

ஜனவரி 23, வியாழன்

காவிரிப் பாலம். நல்ல இடம்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடும்பம் குடும்பமாக வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். சுண்டல், மாங்காய்ப் பத்தை, ஐஸ். கிழக்கே திரும்பினால் ஆற்றின் நெடுகப் பார்வை ஓடுகிறது. வலது பக்கம் மலைக்கோட்டை, இடது பக்கம் கோபுரம், நடுவில் மணல். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் வெயில் சாயும்போது வர வேண்டும். அப்போது மலை வெல்லக்கட்டி நிறத்தில் இருக்கிறது. அரை மணி நேரம்தான். பிறகு கறுத்துவிடுகிறது.

நான் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். பாலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தும் பார்த்தேன். தென்கிழக்கு தெரியவில்லை.

“எதைத் தேடுறீங்க அத்தை?”

“ஆத்துல தண்ணி எங்கன்னு தேடுறேன்.”

“இப்பத் தை மாசம், கொஞ்சமாத்தான் ஓடும். ஐப்பசி கார்த்திகையில வந்து பாக்கணும். எழுபத்தேழுல இந்தப் பாலத்தைத் தொட்டுக்கிட்டுத் தண்ணி போச்சாமே? ஊரே முங்கிடுச்சாமே? ஒரு ஈ காக்கா அக்கரைக்குப் போக முடியலையாமே?”

“உனக்கு அப்ப வயசென்ன?”

“நான் பொறக்கவே இல்ல.”

“அப்ப வாய மூடிக்கிட்டுச் சுண்டல் தின்னு.”

மூடிக்கொண்டாள். ஆனால் யார் சொல்லிக் கொடுத்ததைப் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாதா?

ஜனவரி 24, வெள்ளி

ஸ்ரீரங்கம். தரையில் இருக்கிற கோயிலுக்குப் போகலாம், தடை இல்லை. ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறினோம். கோபுரங்கள் எல்லாம் தெரியும் என்று அங்கே ஆளை ஏற்றுகிறார்கள். பொய்யில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோபுரம், நடுவில் பொன் விமானம். கல் தளம் சுட்டது. காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் பார்வை கோபுரத்தில் இருக்காது, பாதத்தில்தான் இருக்கும்.

தெற்கே, தென்னந்தோப்புக்கும் ஆற்றுக்கும் அப்பால் மலைக்கோட்டை. இங்கிருந்து பார்த்தால் அது முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் கல்யாண வீட்டில் உட்காருவார்களே, அப்படி. அதன் மடியில் என்ன வைத்திருக்கிறது என்று நமக்குக் காட்டாது.

வடக்கத்திக்காரர்கள் இரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். மங்கையும் என்னைப் படம் எடுத்தாள். “சிரிங்க அத்தை” என்றாள். எதற்கு என்று கேட்டேன். படத்தை யாருக்கோ அனுப்பினாள். தங்கராசுக்கு என்றாள். தங்கராசு போன் செய்தபோது கேட்டேன். அவனுக்குப் படம் எதுவும் வரவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

ஜங்ஷன் பக்கம் ஒரு பெரிய ஓட்டல். உச்சி மாடியில் சாப்பாட்டுக் கடை, சுற்றிலும் கண்ணாடி. அங்கே நின்றால் தெற்கிலிருந்து ஊரைப் பார்க்கலாம், மலையின் முகம் தெரியும் என்று கணக்குப் போட்டுப் போனேன். லிஃப்டில் ஏறினேன். ஏற மாட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

கணக்கு சரி. மலையின் முகம் தெரிந்தது. அதன் அடியில், வலப்புறம், வெற்றிலைக்காரச் சந்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜவுளிக் கடை ஐந்து மாடிக்கு எழுந்து நிற்கிறது. அதன் தலைக்கு மேல் நகை போட்ட பெண் படம். அவள் தோடு ஒன்றே ஒரு வீடு அகலம்.

பரிமாறுகிறவர் வந்து நின்றார். “என்னம்மா சாப்பிடுறீங்க?”

“அந்தப் பொம்பளயக் கொஞ்சம் நகரச் சொல்ல முடியுமா?”

அவருக்குப் புரியவில்லை. மங்கை தக்காளி சூப் சொன்னாள். எதிரில் உட்கார்ந்து கிண்டிக்கொண்டே இருந்தவள், திடீரென்று சொன்னாள்.

“இங்கேருந்து ஆட்டோவுல கால் மணி நேரம் அத்தை.”

“எங்க?”

“எங்கயோ.”

சூப்பில் உப்பு இல்லை.

ஜனவரி 27, திங்கள்

டாக்டர் பார்த்தார். “பாட்டி, இனி மலை மேல நின்னா கீழ போற எறும்பு தெரியும்” என்றார். மருந்து இனி மூன்று வேளை. படி ஏறலாமா என்று கேட்டேன். நிதானமாக ஏறலாம், குனிந்து பாரம் தூக்கக் கூடாது என்றார். ஊருக்குப் போகலாம் என்றும் சொன்னார். தூசி குறையட்டும், நாலு நாள் கழித்துப் போகலாம் என்று நான் சொன்னேன். மங்கை மறுபேச்சுப் பேசவில்லை. அதுவே அதிசயம்.

வரும் வழியில், கஞ்சியும் இறங்கவில்லையாம் என்றாள். யாருக்கு என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

மங்கை ஒருபக்கமாகவே கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. என் பக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன். நான் போன பிறகாவது படிக்கட்டும்.

எங்கள் ஆத்தாளுக்கு ஒரு சேலை. சுங்குடி, மாம்பழ நிறம், அரக்குக் கரை. தலைப்பிலிருந்து இரண்டு முழம் உள்ளே ஆணி மாட்டிக் கிழிந்து ஒட்டுப் போட்டது. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்ட துணி. எங்கள் வீட்டில் பிறக்கிற பிள்ளைக்கு முதல் தூளி அந்தச் சேலையில்தான் என்று ஆத்தா சொல்லிவிட்டுச் செத்தாள். கோமதியை அதில்தான் போட்டார்கள். அதனால் சேலை அவளிடம் இருந்தது.

எழுபத்தேழு ஐப்பசிக் கடைசியில் எனக்குப் பெண் பிறந்தது. தாய் இல்லாதவளுக்குத் தாய் ஸ்தானத்தில் அக்காள்தான் வர வேண்டும், சேலையோடு வருவாள் என்று மாமியாரிடம் சொல்லி வைத்திருந்தேன். பிறந்த நாலாம் நாள் புயல் மழை. ஆறு உடைத்துக்கொண்டது என்றார்கள். சரி. ஆனால் ஏழாம் நாள், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் திருச்சியிலிருந்து லாரியில் வந்து இறங்கினார். அந்த ஆளுக்கு வழி இருந்தது. அவளுக்கு இல்லையா? குழந்தை பால் குடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டது. தூளி கட்டவே இல்லை. பன்னிரண்டாம் நாள் அவள் மஞ்சள் பையில் சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வாசலில் நிற்க வைத்தே சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். அழக்கூட இல்லை.

தங்கராசு மூன்று வருஷம் கழித்துப் பிறந்தான். மாமியார் சேலையில் தூளி கட்டினோம்.

என் பக்கம் இவ்வளவுதான். இதில் எங்கே தப்பு என்று யாராவது காட்டட்டும்.

ஜனவரி 28, செவ்வாய்

காய்கறி வாங்க என்று இறங்கி, சின்னக்கடை வீதிவரை போய்விட்டோம். மலைக்கோட்டை வாசல் அங்கேதான். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் தரையில் இருக்கிறார், அவரைக் கும்பிடலாம். கும்பிட்டேன். அவருக்குப் பக்கத்திலேயே படி தொடங்குகிறது. இருட்டாக, குளிர்ச்சியாக, மேலே மேலே போகிறது. வெளவால் வாடை.

பூக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என் வயசு இருக்கும். “என்ன ஆத்தா, படியையே பாக்கற? மெதுவா ஏறு. நானூத்துச் சொச்சம்தான். நான் நேத்து ஏறினேன்.”

“ஏறக் கூடாது. பங்காளி சாவு.”

“எப்ப?”

“ஆடியில.”

“அப்ப ஏறாத. வருஷம் திரும்பட்டும்” என்று நிமிஷத்தில் கட்சி மாறிவிட்டாள். முறை தெரிந்தவள். “மேல போனா ஊரெல்லாம் தெரியும். தெக்க, கெழக்க, அந்தச் சந்து பொந்தெல்லாம் கோலம் போட்ட மாதிரி கெடக்கும். இருக்கட்டும், எங்க போயிடப் போவுது.”

மங்கை என் முதுகுக்குப் பின்னால், எங்கும் போகாமல் இருக்குமா என்று யாரைக் கேட்பது என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் காது ஆபரேஷன் தேவையில்லை.

பூக்காரி சும்மா இருக்காமல் தாயுமானவர் கதையை எடுத்தாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண், காவிரியில் வெள்ளம், தாய் அக்கரையில் மாட்டிக்கொண்டாள், சிவபெருமானே தாயாக வந்து பிரசவம் பார்த்தார். “தாய் வர முடியலன்னா சாமி வருவாரு ஆத்தா.”

“எல்லார் வீட்டுக்கும் வர மாட்டாரு” என்றேன்.

இரண்டு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம். காய்கறி வாங்கவில்லை. துவையல்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. தங்கராசு ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டதாகப் போன் செய்தான்.

நாள் முழுக்க யோசித்தேன். மங்கை இன்றைக்கு மூன்று முறை போன் பேசினாள். மூன்றாவது முறை பேசிவிட்டு வந்து கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்றாள். அமாவாசைக்கு வெங்காயம் ஏது?

இரண்டில் ஒன்றுதான். மலை ஏறக் கூடாது என்பது சாமிக்குக் கொடுத்த முறை. தெருவில் கால் வைக்க மாட்டேன் என்பது நான் கொடுத்த வார்த்தை. சாமி பொறுப்பார். பிள்ளையார் வீட்டிலும் ஒரு மாம்பழத்துக்குச் சண்டை வந்து, இளையவன் கோபித்துக்கொண்டு மலையேறிப் போனான். இன்றுவரை யாராவது முருகனைத் தப்புச் சொல்கிறார்களா? வார்த்தை அப்படியில்லை. அது நான் சொன்னது.

தவிர, மலைக்கோயில் ஏறக் கூடாது என்றால் சாமி கும்பிடக் கூடாது என்றுதானே அர்த்தம்? ஊர் பார்க்கக் கூடாது என்று எவனும் சொல்லவில்லை. ‘பாக்க மாட்டேன்’ என்று நான் சொன்னது பழைய கண்ணுக்கு. இந்தக் கண்ணுக்கு வயசு இருபத்திமூன்று நாள்.

“நாளைக்குக் காலையில மேல போறோம்” என்றேன்.

“எத்தனை மணிக்கு உச்சிக்குப் போய்ச் சேருவோம் அத்தை? சரியாச் சொல்லுங்க.”

“எதுக்கு மணி?”

“சும்மாதான்.”

ஒன்பதரை என்றேன். சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது.

ஜனவரி 30, வியாழன்

ஏழரைக்குக் கிளம்பி எட்டுக்கு முதல் படியில் கால் வைத்தேன். பூக்காரி பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். “ஊர் பாக்கப் போறேன்” என்றேன். மூடிக்கொண்டாள்.

காவியும் வெள்ளையும் பட்டை அடித்த சுவருக்கு நடுவில் ஏறினோம். பத்துப் படிக்கு ஒரு தரம் நின்றேன். பாதியில் தாயுமானவர் சந்நிதிக்குத் திரும்புகிற இடம். அப்பா எங்கள் இரண்டு பேரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு வந்த இடம். அவள் எப்போதும் வலது கை. திரும்பிப் பார்க்காமல் மேலே போனேன். அப்புறம் பாறையில் வெட்டிய திறந்த படி. முட்டி இரண்டும் வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. மங்கை இடுப்பைத் தாங்கிக்கொண்டு வந்தாள். “விடு, நான் என்ன பொணமா?” என்றேன். விடவில்லை. நல்லவேளை விடவில்லை.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. கும்பிடுகிறவர்கள் உள்ளே போனார்கள். நான் சந்நிதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளித்தூணைப் பிடித்து நின்றேன்.

இந்த ஊரைப் பார்க்க இதுதான் இடம். மற்றதெல்லாம் சில்லறை. வடக்கே இரண்டு ஆறு, நடுவில் தீவுபோல ஸ்ரீரங்கம், அதற்கு இந்தப் பக்கம் திருவானைக்கா. வடமேற்கே ஆறு வளைந்து வளைந்து வெளுத்து மறைகிறது, அந்தப் பக்கம்தான் முசிறி. மேற்கே உறையூர். கீழே தெப்பக்குளம் உள்ளங்கை மாதிரி. தென்கிழக்கே பொன்மலை. மனிதர்கள் கடுகு. இரைச்சல் எதுவும் இங்கே வரவில்லை, ஆட்டோ ஆரன் மட்டும் பூச்சிபோல வந்தது.

பிறகு தூணைச் சுற்றிக்கொண்டு தென்கிழக்குப் பக்கம் போனேன். ஜவுளிக் கடை முதுகு. அதற்கு இந்தண்டை ஒரு பச்சைத் தொட்டி. தொட்டியிலிருந்து சந்து பிரிகிறது. இடது கை வரிசை, முதல் வீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு.

எல்லா மாடியிலும் பனியனும் பாவாடையும் போர்வையும் கலந்து தொங்குகின்றன. மூன்றாம் வீட்டு மாடியில் ஒன்றே ஒன்று. கொடி நீளத்துக்கு விரித்துப் போட்டிருந்தார்கள். மாம்பழ நிறம். அரக்குக் கரை. காற்றில் வயிறு உப்பி உப்பி அடங்கியது. இரண்டு முழம் உள்ளே ஒட்டு இருக்கும். அது இவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது. இருக்கும்.

கொடிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் துணி மூட்டை மாதிரி ஏதோ வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒருத்தி நின்று அதற்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள்.

துணி மூட்டைக்கு யாராவது குடை பிடிப்பார்களா?

நான் கையை ஆட்டவில்லை. ஆட்டினாலும் தெரியாது, அங்கே இருப்பது பழைய கண். முந்தானை காற்றில் பறந்தது. அதைப் பிடித்து இழுக்காமல் விட்டுவிட்டேன். சிவப்புச் சேலைதான் கட்டியிருந்தேன்.

“மங்கை, மணி என்ன?”

“ஒம்போதே முக்கா அத்தை.”

“அந்த மாடியில ஒரு நெழல் கெடையாது. புத்தி இருக்கா இவளுங்களுக்கு? எறங்கு.”

“பாத்து அத்தை, மெதுவா…”

“எறங்குன்னா எறங்கு.”

ஜனவரி 31, வெள்ளி

அந்த வீட்டு வாசலில் படி மூன்று. மூன்றும் உயரம். மலையே தேவலை.

நேற்று எழுத முடியாமல் போனதை எழுதுகிறேன். கோமதி கதவைத் திறந்தாள். ஐம்பது வயசுக்காரி. “சித்தி” என்றாள். குடையை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். மாடியிலிருந்து மூத்தவளை நாற்காலியோடு தூக்கிவந்து கட்டிலில் விட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் இரண்டு தவலைத் தண்ணீரை இரண்டு இடுப்பில் எடுப்பாள். இப்போது கட்டிலில் பாதிகூட நிறையவில்லை.

என்னைப் பார்த்தாள். நேராகத்தான் பார்த்தாள்.

“சேலையப் பாத்தியா?” குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

“பாத்தேன். பழைய துணிய வெயில்ல போட்டா சாயம் போயிடும்.”

“அது போற சாயமில்ல” என்றாள். மூச்சு வாங்கியது. “மலை ஏறினியாமே? உன் கொழுந்தனுக்கு வருஷம் திரும்பலையே?”

“சாமி கும்பிடல. ஊர்தான் பாத்தேன்.”

“நானும் கும்பிடல.”

“எப்ப?”

“அந்தத் தண்ணி வந்தப்ப. விடிஞ்சா போதும், கோமதிய இடுப்புல வெச்சுக்கிட்டு, சேலைய மஞ்சப் பையில போட்டுக்கிட்டு மேல ஏறுவேன். உங்க பக்கமே பாத்துக்கிட்டு நிப்பேன். பாலம் தெரியுதா, ரோடு தெரியுதான்னு. தண்ணிதான் தெரிஞ்சுது செவந்தி. அஞ்சு நாளு ஏறினேன். தாயுமானவரு கோயில் வாசல்லயே நின்னேன், கும்பிடல. அவரு மேல எனக்குக் கோவம்.”

கோமதி அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். மங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இத ஏன் இத்தனை வருஷமா சொல்லல?”

“நீ கேக்கலியே” என்றாள்.

திமிர் போகவில்லை. சாகிற நேரத்திலும் விட்டுக்கொடுக்க மாட்டாள். எங்கள் அப்பா வளர்த்த லட்சணம்.

லாரியில் வந்தவர் கதையைக் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஒரு நாள் ஏறியதற்கே எனக்குக் கால் வீங்கியிருக்கிறது. இரண்டு வயசுப் பிள்ளை இடுப்பில், மழை நனைந்த பாறை, ஐந்து நாள். மொத்தம் எத்தனை படி என்று கணக்குப் போடத் தொடங்கினேன். பாதியில் விட்டுவிட்டேன்.

கஞ்சியில் உப்புப் போட்டு, ஆற்றி, அக்காவுக்கு மூன்று கரண்டி கொடுத்தேன். மூன்றும் இறங்கியது. கோமதிக்குக் கஞ்சி வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

பிப்ரவரி 1, சனி

நாலு கரண்டி. மங்கை துணிமணிகளை இங்கேயே கொண்டுவந்துவிட்டாள். நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை பத்து மணிக்கு அக்கா போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடித் துணி போட என்னை விட்டால் ஆள் இல்லை. போட்டேன். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு, முசிறி

ஆடியோடு கொழுந்தனார் வருஷம் திரும்பிவிட்டது. தடை நீங்கியது என்று தங்கராசும் மங்கையும் இன்றைக்குக் கார் வைத்துக்கொண்டு மலைக்கோட்டைக்குக் கிளம்பினார்கள். கோமதியும் அடிவாரம்வரை வந்து பார்க்கிறாளாம். நான் வரவில்லை என்றேன்.

“ஏன் அத்தை? அதான் வருஷம் திரும்பிடுச்சே.”

“நீங்க போயிட்டு வாங்க.”

அவள் செருப்பைப் போட்டவள் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள். “கட்டிக் குடுத்த அக்காவுக்கு உங்களுக்கு மூணு நாள்தானே அத்தை தீட்டு? வருஷமெல்லாம் கெடையாதே?”

பெரிய முறை தெரிந்தவள்.

“முட்டி வலி” என்றேன்.

“அப்ப எப்பதான் வருவீங்க?”

“தை கழியட்டும்.”

பிறகு அலமாரியிலிருந்து வலித் தைலத்தை எடுத்து வந்து என் கைக்கெட்டும்படி வைத்துவிட்டுப் போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

வெயில் நன்றாக இருந்தது. இரும்புப் பெட்டியைத் திறந்து, டைரிகளுக்கு மேலே கிடந்த, கோமதி கொடுத்தனுப்பிய ஆத்தா சேலையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பதினெட்டுப் படி, நிற்காமல் ஏறினேன். கொடியில் விரித்துப் போட்டு, காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஈரம் ஒன்றும் இல்லை.